மயிலம்மாள் குணமான வழக்கு

மயிலம்மாளுக்கு க்ஷயரோகம் இருக்கிறது என்று அவளுக்கு முதலில் சொன்னது டாக்டர் அல்ல. பெரிய கடை வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தின் சுவர்.

அந்தச் சந்தில் அவள் இட்லிக் கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரு கீற்றுச் சார்ப்பு, இரண்டு அடுப்பு, ஒரு பெஞ்சு. மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளுக்கு மூட்டை தூக்குகிறவர்களும் கைவண்டி இழுக்கிறவர்களும் விடிந்ததும் அங்கேதான் வந்து நிற்பார்கள். அவள் புருஷன் பெரியண்ணனும் கைவண்டிக்காரன்தான். இருவருக்கும் சொந்த ஊர் ஜீயபுரம். பிள்ளைகள் இல்லை. அதற்காக இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டதில்லை. அந்தச் சந்தில் அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம், பொங்கல் கழிந்த ஒரு காலையில் எதிர்ச்சுவரில் அவள் முகம் ஆள் உயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண்களில் நீர் நின்றது.

"அக்கா, சினிமாவுல சேந்துட்டீங்களா? சொல்லவே இல்லியே" என்றான் மூட்டை தூக்கும் காத்தான். எல்லோரும் சிரித்தார்கள். மயிலம்மாளும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், நேரம் பிடிக்கும். அதற்குள் ஒரு ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை உரக்கப் படித்தார்.

"இருமுகிறவளிடமிருந்து விலகி நில்லுங்கள். க்ஷயரோகம் பரவும். உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றுங்கள். இப்படிக்கு, க்ஷயரோக நிவாரண விளம்பரக் கமிட்டி."

படித்தவர் கையில் பாதி இட்லி இருந்தது. அதை இலையில் வைத்தார். இலையை மடித்தார். போகும்போது அவளைப் பார்க்காமல் போனார்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று மயிலம்மாளுக்கு நினைவு வந்தது. தீபாவளிக்கு முந்தைய மழையில் விறகு நனைந்துபோய், ஊதி ஊதி அவளுக்குப் புகை அடைத்து இருமல் வந்தது. கழுத்தில் காமிரா தொங்க, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அப்படியே இருங்கம்மா" என்றார். அவளும் அப்படியே இருந்தாள். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று. அவருக்குச் சட்னிகூடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாள்.

ஒரே நாளில் யாரும் விட்டுப்போய்விடவில்லை. ஜனங்கள் நாகரிகமானவர்கள். முதலில் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தார்கள். பிறகு நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். காத்தான்தான் கடைசிவரை வந்தான். அவனும் ஒரு நாள் சொந்தமாக இலை கொண்டுவந்தான். இன்னொரு நாள், "பெஞ்சுல வச்சிருங்கக்கா, நான் எடுத்துக்கறேன்" என்றான். அப்புறம் அவனும் வரவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று பெரியண்ணனிடம் சொல்லி அனுப்பினான்.

மயிலம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"என்ன திருட்டுப் போச்சு?"

"என் மூஞ்சிங்க."

ஏட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "இருக்கேம்மா."

"படம் புடிச்சு சுவத்துல ஒட்டியிருக்காங்க. எனக்கு இல்லாத வியாதியை எழுதி."

"யாரு சுவரு?"

"ஜவுளிக் கடை முதலாளி சுவருங்க."

"அப்ப முதலாளில்ல வந்து கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும்? அனுமதி இல்லாம ஒட்டினா அது சுவத்துக்குப் பண்ண குத்தம். சுவத்துக்குச் சட்டம் இருக்கு. மூஞ்சிக்கு நான் எதை எழுதறது?" என்றவர், ஏதோ நினைவு வந்தவராக நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க கொஞ்சம் அந்த வாசப்பக்கம் நின்னு சொல்லுங்க. காத்து வரும்."

அங்கிருந்து கமிட்டிக்குப் போனாள். கமிட்டியின் காரியதரிசி ஆராவமுதன் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் இருந்தார். ரெவின்யூவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவளை வாசலில் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, வாங்கோ. உங்களை நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாளா எண்ணம். ஜில்லா பூரா உங்க முகந்தான். துறையூர் பஸ்லகூட ஒட்டச் சொல்லியிருக்கேன்."

"எனக்கு அந்த வியாதி இல்லிங்க சாமி."

"தெரியுமே. அதானேம்மா விசேஷம்" என்றார் ஆராவமுதன். "நிஜமான நோயாளிகளையும் படம் எடுத்துப் பாத்தோம். ஒண்ணும் சரிப்படலை. ரொம்ப மெலிஞ்சு, எலும்பும் தோலுமா, பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருந்தது. அந்த மாதிரிப் படத்தை ஒட்டினா ஜனங்க முகத்தைத் திருப்பிண்டு போயிடுவா. நின்னு பாக்கணுமோல்லியோ? கடைசியில உங்க படம் வந்தது. கமிட்டி ஏகமனசா ஒத்துண்டது. மெட்ராஸ்லேர்ந்து வந்திருந்த ஒருத்தர், இவ்வளவு தத்ரூபமான நோயாளியை நான் பாத்ததே இல்லைன்னார். அவர் டாக்டர் வேற."

"யாரும் என் கையால சாப்பிட வர்றதில்லிங்க."

"பாருங்கோ, அவ்வளவு பலன். போன வருஷம் ஒரு எலும்புக்கூடு வரைஞ்சு ஒட்டினோம். ஒருத்தரும் சட்டை பண்ணலை. லோக க்ஷேமத்துக்கு ஒருத்தர் கொஞ்சம் சிரமப்படறது புதுசில்லையேம்மா."

உள்ளேயிருந்து காப்பி வந்தது. அவருக்கு வெள்ளி டம்ளரில். அவளுக்குத் தொன்னையில், வாசற்படி ஓரத்தில். அவள் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்கப்படாது. உங்களுக்கு ஒண்ணுமில்லேன்னு எனக்கு நன்னாத் தெரியும். ஆனா ஆத்துல எல்லாரும் போஸ்டரைப் பாத்திருக்கா" என்றார். குரலில் சங்கடத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

போஸ்டரை எடுக்க வேண்டுமானால் கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டும். கமிட்டி வருஷத்துக்கு ஒரு முறைதான் கூடும். இந்த வருஷம் கூடி முடிந்துவிட்டது. காப்பி ஆறிப்போயிருந்தது. அவள் அதைத் தொடாமல் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மேலப்புதூரில் ஸ்தனிஸ்லாஸ் என்று ஒரு வக்கீல் இருந்தார். ஏழைகளுக்காக வாதாடுகிறவர் என்று பெயர். யாராவது அழுதால் கூடச் சேர்ந்து கண் கலங்குவார். சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அவளுக்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"திருட்டுன்னு போட முடியாதும்மா. பொருள் உங்ககிட்டேருந்து போயிருக்கணும். அத்துமீறல்னா நிலத்துக்குள்ள நுழைஞ்சிருக்கணும். படத்து மேல உரிமைன்னு பாத்தா, எடுத்தவருக்குத்தான் இருக்கு; அதுல இருக்கறவங்களுக்கு இல்ல. மூஞ்சிக்குப் பட்டா குடுக்கிற வழக்கம் நம்ம தேசத்துல இன்னும் வரலை. அவதூறு ஒண்ணுதான் பாக்கி."

"அது போதுங்களா?"

"போதும். ஆனா கமிட்டியில சர்க்கார் ஆளுங்க இருக்காங்க. சர்க்கார் மேல கேஸ் போடணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும். அவங்க நிதானமா யோசிக்கறதுக்கு."

"அது வரைக்கும் போஸ்டரு?"

"அது இருந்துதாம்மா ஆகணும். அதான் நமக்குச் சாட்சி. தயவு பண்ணி நீங்க கிழிச்சுடாதீங்க. வேற யாரும் கிழிக்காமயும் பாத்துக்குங்க."

வக்கீல் சொன்னபடி மயிலம்மாள் தன் முகத்துக்குக் காவல் இருக்கத் தொடங்கினாள். பசையை நக்க வரும் மாடுகளை விரட்டினாள். மாசி மாதம் திடீரென்று ஒரு மழை வந்தபோது சார்ப்பிலிருந்து ஒரு கீற்றை உருவி எடுத்துப்போய்ப் போஸ்டரின் மேல் சாய்த்து வைத்தாள். அன்று அடுப்பு நனைந்தது. பரவாயில்லை, சாப்பிட யாரும் வரப்போவதில்லை.

அந்த மழை விட்ட மறுநாள் காலையில் பெரியண்ணன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாள். அவன் கையில் புது டம்ளர் ஒன்று இருந்தது. குடித்துவிட்டுத் தானே கழுவி, உத்தரத்தில் ஓர் ஆணியடித்து அதற்காகத் தனியாகக் கட்டியிருந்த கயிற்று உறியில் வைத்தான்.

"ஏங்க," என்றாள். "உங்களுக்குமா தெரியாது?"

"தெரியும் மயிலு."

"அப்பறம் என்ன?"

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "வண்டியை இழுத்துக்கிட்டு எந்தத் தெருவுல போனாலும் அதான் கண்ணுல படுது. நீ இருமுற மாதிரியே இருக்கு. தெரிஞ்சாலும் கை தானா தனி டம்ளரைத்தான் எடுக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அன்று முதல் அந்த டம்ளரை அவள் தொடவில்லை.

முன்சீப் கோர்ட்டில் வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது கோடை வந்துவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் மிக உருக்கமாகப் பேசினார். மயிலம்மாளுக்கு எந்த நோயும் இல்லை என்று சர்க்கார் டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டை நீட்டினார். அதற்குத்தான் காத்திருந்தவர்போல் கமிட்டியின் வக்கீல் எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, இந்தச் சர்டிபிகேட்டை நாங்கள் மனப்பூர்வமாக ஏற்கிறோம். மனுதாரருக்கு க்ஷயரோகம் இல்லை. போஸ்டரில் இருப்பவரோ க்ஷயரோகி. போஸ்டரிலேயே அது எழுதியிருக்கிறது. ஆகவே போஸ்டரில் இருப்பவர் மனுதாரர் அல்ல. மனுதாரர் அல்லாத ஒருவரின் படத்தால் மனுதாரருக்கு என்ன நஷ்டம்? அது தன் படம்தான் என்று அவர் சாதித்தால், தனக்கு நோய் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டதாகிறது. அப்போது போஸ்டர் சொல்வது உண்மை. உண்மை அவதூறாகாது."

முன்சீப் இளைஞர், நியாயமாக நடக்க வேண்டும் என்று நினைப்பவர். முகம் ஒன்றுதானா என்பதைத் தாமே நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். படம் புகையில் எடுக்கப்பட்டது என்பது மனுதாரர் கட்சி. ஆகவே புகை வேண்டும் என்று உத்தரவானது. கோர்ட் அமீனா போய் அவளுடைய அடுப்பையும் விறகையும் கொண்டுவந்து, விறகைத் தண்ணீரில் நனைத்து வராந்தாவில் வைத்தார். மயிலம்மாள் குனிந்து ஊதினாள்.

விறகு நன்றாகவே நனைந்திருந்தது. புகை வராந்தாவிலிருந்து உள்ளே வந்தது. முதலில் டவாலிச் சேவகர் இருமினார். பிறகு குமாஸ்தா. இரண்டு வக்கீல்களும் கறுப்பு அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்சீப் கண்களில் நீர் வழிய, பேச முடியாமல், போதும் என்று கையைக் காட்டினார். அடுப்பில் பழகிய மயிலம்மாள் ஒருத்திக்குத்தான் அன்று இருமல் வரவில்லை. வரவேண்டுமே என்று அவள் முயன்றுகூடப் பார்த்தாள்.

கோர்ட்டில் இருந்த அனைவரும் போஸ்டரில் உள்ளவரை ஒத்திருந்தார்கள் என்றும், மனுதாரர் மட்டும் ஒத்திருக்கவில்லை என்றும் குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்த வாய்தாவில் முன்சீப் அவளை முன்னால் வரச் சொல்லி, தாம் இருந்த தூரத்திலிருந்தே மென்மையாகப் பேசினார்.

"உங்களுக்கு வியாதி இல்லைன்னு நான் நம்பறேன்ம்மா. ஆனா நம்பறது வேற, தீர்ப்புச் சொல்றது வேற. கமிட்டி ஒரு சமாதானத்துக்கு வராங்க. உங்க படத்தையே திரும்பப் போட்டு, இவர் குணமடைந்துவிட்டார்னு புதுப் போஸ்டர் ஒட்டித் தராங்களாம். பழசுக்கு மேலயே ஒட்டிடுவாங்க."

"வராத வியாதி எப்படிங்க குணமாகும்?"

"அம்மா, இல்லாததை இல்லைன்னு எழுதித் தர எந்த இலாகாவும் கிடையாது. இருந்து போச்சுன்னு எழுதத்தான் இருக்கு. அப்பீல் போனா மெட்ராஸ் வரைக்கும் போகணும். வருஷக்கணக்காகும்."

மயிலம்மாள் திரும்பிப் பார்த்தாள். வராந்தாவின் கோடியில், தூணுக்கு அந்தப் பக்கம் பெரியண்ணன் நின்றிருந்தான். வழக்குக்கு வந்த நாட்களிலெல்லாம் அவன் அவ்வளவு தூரத்தில்தான் நின்றான். சரி என்று தலையாட்டினாள். ஸ்தனிஸ்லாஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். நாம் ஜெயித்துவிட்டோம் என்று அவளிடம் சொன்னார்.

குணமடைந்தவர் என்று எழுத வேண்டுமானால் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். வெளியே வர வேண்டுமானால் உள்ளே போயிருக்க வேண்டும். ஊருக்கு வெளியே இருந்த க்ஷயரோக ஆஸ்பத்திரியின் டாக்டர் தர்மராஜ் அவளுடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு. நல்ல முன்னேற்றம்" என்று எழுதிக்கொண்டார்.

"இன்னிக்குத்தானேங்க வந்தேன்?"

"அதனாலதான் சொல்றேன். இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் இப்படி ஆகறதில்ல."

ஸ்திரீகள் வார்டின் கடைசிக் கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் லூர்துராணி இருந்தாள். பாலக்கரைப் பெண், டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தபோது நோய் வந்தது. ஆரம்பத்தில் அவளுடைய அம்மா வந்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவாளாம். தங்கைக்குச் சம்பந்தம் பேச ஆரம்பித்தபின் அதுவும் நின்றுவிட்டது. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

"எங்க தெரு முனையிலயும் உங்க போஸ்டர் இருக்குதுக்கா. அம்மா தினமும் அதைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகணும்" என்றாள்.

மயிலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் முகம் தன் இட்லியைத்தான் கெடுத்தது என்று அதுவரை நினைத்திருந்தாள். அன்று மாலை லூர்துராணியின் கட்டிலில் போய் உட்கார்ந்து, சிக்குப் பிடித்துக் கிடந்த அவள் தலையை வாரிப் பின்னிவிட்டாள். எதற்காகச் செய்கிறாள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் வாரிவிட்டாள். இருமல் வரும்போது, நெஞ்சில் கத்தியை வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கிறது என்று லூர்துராணி அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். இருமல் நின்றபிறகும் விடமாட்டாள். நர்ஸ் பலமுறை கண்டித்தாள். எனக்கு ஏற்கனவே இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள் என்று மயிலம்மாள் கேட்டாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

குணமான படம் எடுக்க அதே காமிராக்காரர் வந்தார். மயிலம்மாளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துச் சிரிக்கச் சொன்னார். லூர்துராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, என்னையும் ஒண்ணு எடுங்களேன். வீட்டுக்கு அனுப்பணும்."

அவர் காமிராவைத் தூக்கினார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு மெதுவாக இறக்கினார்.

"கொஞ்சம் உடம்பு தேறட்டும் தங்கச்சி. இப்ப எடுத்தா உனக்கே புடிக்காது."

"சரிண்ணே" என்று அவள் படுத்துக்கொண்டாள். அன்று தலை வார வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மயிலம்மாள் குணமான விழா ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. வார்டு வாசலை மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அன்று விடியற்காலையில் லூர்துராணி இறந்துபோனாள். பந்தல் வழியை அடைத்திருந்ததால் அவளை வெளியே எடுத்துப்போக முடியவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு திரையை இழுத்துவிட்டு, விழா முடியட்டும் என்று சொன்னார்கள்.

ஆராவமுதன் பேசினார். "இந்த வார்டில் இந்த மாதம் நாம் அடைந்திருப்பது நூற்றுக்கு நூறு வெற்றி. இதோ நிற்கிறாளே இந்த அம்மாள், இவளைப் பார்த்து விலகி நில்லுங்கள் என்றோம். விலகி நின்றீர்கள். இன்று இவளே உங்கள் முன்னால் ஆரோக்கியமாக வந்து நிற்கிறாள். விலகி நின்றதனால் வந்த பலன் இது என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." எல்லோரும் கை தட்டினார்கள். சற்றுத் தள்ளி நின்றபடி ஒரு மாலையை அவள் கழுத்தில் எட்டிப் போட்டார்.

கூட்டம் கலைந்ததும் மயிலம்மாள் உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் வெகு நேரம் இருந்தாள். வெளியே வந்தபோது அவள் கழுத்தில் மாலை இல்லை. உள்ளே, லூர்துராணியின் தலை வாரிப் பின்னியிருந்தது.

பழைய போஸ்டர்களின் மேல் புதியவை ஏறின. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். விட்டுப்போனதைப் போலவே வந்தார்கள். முதலில் நின்றபடி, பிறகு பெஞ்சுக் கோடியில். காத்தான் கைக்குழந்தையைத் தூக்கிவந்து காட்டினான். பெரியண்ணன் சமயபுரம் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்தான். உறியையும் அவிழ்த்துவிட்டான்.

"உனக்குத் தேவலையாகணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன் மயிலு" என்றான்.

"எனக்கு வரவே இல்லியேங்க."

"சரி, அதை ஏன் இப்ப பேசிக்கிட்டு. எப்படியோ நல்லா ஆயிட்டியில்ல."

அவன் சந்தோஷமாக இருந்தான். அவளுக்குத் தெரிந்து அவன் பொய் சொல்கிற மனிதன் இல்லை. அவன் நம்பிவிட்டான். அன்றோடு அவள் அந்தப் பேச்சை அவனிடம் எடுக்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால் மட்டும், எனக்கு அது வந்ததே இல்லை என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களும் புரிந்துகொண்டவர்கள்போலத் தலையாட்டுவார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், வியாபாரம் ஓய்ந்திருந்த நேரத்தில் ஒரு பெண்பிள்ளை வந்து சந்து முனையில் நின்றாள். பெயர் பவுனம்மாள், ஊர் திருவெள்ளறை. பஸ்ஸில் போஸ்டரைப் பார்த்துவிட்டு விசாரித்து வந்திருந்தாள்.

"எம் பொண்ணுக்கு அந்த வியாதிங்க" என்றாள் தணிந்த குரலில். "கொட்டாயில தனியா போட்டிருக்கோம். சோத்தை வாசல்ல வச்சிட்டு வந்துர்றோம். உங்களுக்கு எப்படி குணமாச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்கு அது வந்ததே இல்லை என்று சொல்ல மயிலம்மாள் வாயெடுத்தாள். பவுனம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தில் அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"வாங்க, இப்படிக் கிட்டக்க உக்காருங்க" என்றாள் மயிலம்மாள். "ஆஸ்பத்திரியில ஊசி போடுவாங்க. விடாம போட்டுக்கணும். நடுவுல நிறுத்திடக் கூடாது."

"சரிங்க."

"கொட்டாயில தனியா போடாதீங்க. ஆஸ்பத்திரியில சேத்தாலும் கம்பிக்கு வெளிய நிக்காதீங்க. உள்ள போங்க. தலையை வாரி விடுங்க. இருமல் வந்தா கையைப் புடிச்சுக்கங்க. நெஞ்சுல கத்தியை வச்சுத் திருகுற மாதிரி இருக்கும். அப்ப யாராச்சும் புடிச்சுக்கிட்டா போதும்னு இருக்கும்."

பவுனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமா" என்றாள் மயிலம்மாள்.

"பொழச்சுக்குவாளாங்க?"

மயிலம்மாள் ஓர் இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். சூடாக இரண்டு இட்லிகளை எடுத்து வைத்து அவள் மடிக்கருகில் நகர்த்தினாள்.

"நான் பொழைக்கலியா?" என்றாள்.